பெண்டிழந்தான் சுழி

விடியற்காலைக் கறவை முடிந்ததும் வேலாயுதம் பால் தூக்கைக் கையில் எடுக்கவில்லை. எடுத்தால் கனம் தெரிந்துவிடும். காலால் மெல்ல நகர்த்திப் பார்த்தார். தகரம் சிமெண்டுத் தரையில் லேசாகச் சறுக்கிக்கொண்டு போயிற்று. அதுவே போதுமாயிருந்தது.

"நேத்தைக்கு விடக் கொறைச்சலா?" என்று கேட்டார்.

அவர் மனைவி இராஜம்மா கறந்துவிட்டு எழுந்தாள். மடி துடைத்த துணியை உதறிக் கொடியில் போட்டாள். இப்போதெல்லாம் அவள் மாட்டோடுதான் பேசுகிறாள். "நீ என்ன பண்ணுவ, பாவம். ஒங்கிட்ட இருக்கறதைத்தானே குடுப்ப," என்று அதன் கழுத்தைத் தடவினாள். அது யாருக்குச் சொன்னது என்று வேலாயுதத்துக்குத் தெரியும்.

மருமகள் புஷ்பவல்லி கிள்ளானுக்குத் தாய்வீடு போய் ஒரு மழைக்காலம் முழுதாக முடிந்துவிட்டது. அவள் கை பட்டுத்தான் பால் வற்றிப்போனது என்று சொன்னவர் வேலாயுதம். இப்போது அந்தக் கை இல்லை. பால் மட்டும் வற்றினது வற்றினபடியே இருந்தது. மகன் சபாபதி ரயில்வே பட்டறைக்குப் போகிறான், வருகிறான், ஞாயிற்றுக்கிழமையானால் கிள்ளான் ரயிலேறிவிடுகிறான். வீட்டில் சோறு கேட்கக்கூட வாய் திறப்பதில்லை.

ரப்பர் விலை விழுந்து தோட்டங்களில் ஆள் குறைத்த வருஷங்கள் அவை. பிரிக்பீல்ட்ஸில் செங்கல் சூளைகள் ஒன்றுவிட்டு ஒன்று புகைந்துகொண்டிருந்தன. மண்ணெடுத்த பள்ளங்களில் மழைத்தண்ணீர் நின்று, சாயங்காலத்தில் வானம் மொத்தமும் அந்தப் பள்ளங்களுக்குள் இறங்கிப் படுத்துக்கொள்ளும். அவற்றுக்கும் ஆற்றுக்கும் நடுவே மாட்டுக்காரர் சந்து. வீடும் கொட்டகையும் ஒரே அத்தாப்பு ஓலைக் கூரையின் கீழே இருந்தன. ஊறப்போட்ட தேங்காய்ப் புண்ணாக்கின் புளித்த வாடை, சாணிப்புகை, ஈரப்புல். ஆண்கள் இருட்டோடு எழுந்து ரயில் மேட்டில் புல்லறுக்கப் போவார்கள். நல்ல புல் கிடைக்காத நாளில் லாலாங்கு என்கிற முரட்டுப் புல். அதன் விளிம்பு கையைக் கீறும், மாட்டின் வயிற்றை நிரப்பும், மடிக்கு ஒன்றும் செய்யாது. கறப்பது பெண்கள் வேலை. ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்த ஆபீஸ் குமாஸ்தாக்களான கிராணிமார் வீடுகளெல்லாம் இந்தச் சந்துப் பாலில்தான் கோப்பி குடித்தன.

அந்தச் சந்தில் வேலாயுதம் சொன்னால் சொன்னதுதான். அவருக்குச் சுழி பார்க்கத் தெரியும். மாட்டின் மயிர் எங்கே எப்படிச் சுழன்று நிற்கிறது என்பதை விரலால் தடவியே சொல்வார். இது கோபுரச் சுழி, வாங்கினவன் வீடு கட்டுவான். இது பாடைச் சுழி, ஓட்டிக்கொண்டு போ. காஜாங்கிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் வண்டிக்காரர்கள் அவரைத் தேடி வருவார்கள். அப்படித் தேடித் தடவிப் பொறுக்கி, நாகப்பட்டினத்துக் கப்பலில் வந்த கன்றுகளில் அவர் எடுத்ததுதான் வெள்ளையன். சங்கு நிறம், விரித்த கைகள்போலக் கொம்பு. அவன் சந்தில் நடந்து வந்தால், சைக்கிளில் போகும் சீனர்கூடக் காலை ஊன்றி நின்று பார்த்துவிட்டுப் போவார். சந்தில் இருந்த பசுக்களெல்லாம் வெள்ளையனோடுதான் சேர்ந்தன. காசு வாங்கமாட்டார் வேலாயுதம். தன் காளையின் கன்று ஊரெங்கும் நிற்பதைப் பார்ப்பதே அவருக்குப் போதும்.

அப்போதுதான், நாலைந்து வருஷத்துக்கு முன்னால், கவர்மெண்டுக் காளை வந்தது.

மாட்டு டாக்டர் ஆபீஸில் வேலை பார்த்த கொர்னேலியஸ்தான் ஓட்டிக்கொண்டு வந்தார். ரயில்வேயில் இருந்த கிறிஸ்தவர் வீட்டுப் பையன். தொப்பியும் முழங்கால்வரை ஏற்றிய காலுறையுமாக இருப்பார், ஆனால் பேச்சில் கர்வம் கிடையாது. ஆற்றோரம் கொட்டகை போட்டுக் காளையைக் கட்டினார்கள். யார் வேண்டுமானாலும் பசுவைக் கொண்டுவரலாம், சும்மாதான்.

பார்க்கப் போன சந்துக்காரர்களுக்குச் சிரிப்பு வந்தது. செங்கல் நிறம், தொங்கின தாடை, குட்டைக் கொம்பு. கொர்னேலியஸ் விடாமல் விளக்கினார். இந்தக் காளையின் தாய் ஒரு வேளைக்குக் கறந்த பால் இங்கே எந்தப் பசுவும் நாள் முழுக்கக் கறக்காத பால். அந்தத் தாயைப் பெற்றதும் அப்படித்தான். மகள் மடிக்குத் தாயிடமிருந்து பாதி வருகிறதென்றால், பாதி தகப்பன் வழியாக வருகிறது. காளையிடம் அது வெளியே தெரியாது, அவ்வளவுதான்.

"அப்ப இதுல எத்தனை போத்தல் கறக்கலாங் கிராணி?" என்று சின்னையா கேட்க, கூட்டம் கொல்லென்று சிரித்தது. கொர்னேலியஸும் சேர்ந்து சிரித்துவிட்டு, "மடி இல்லாட்டியும் இதான் பால் குடுக்கும், அண்ணே. ஒங்க பசு அதோட பொண்ணுக்கு மட்டுந்தான் குடுக்கும். இது தெருவுக்கே குடுக்கும்," என்றார்.

சிலர் யோசித்தார்கள். எல்லாருடைய கண்ணும் வேலாயுதத்தின் பக்கம் திரும்பியது. அவர் காளையிடம் போனார். நெற்றி, கழுத்து, முதுகு என்று தடவிக்கொண்டே வந்த விரல் திமிலருகே நின்றது. திரும்பிக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார்.

"பெண்டிழந்தான் சுழி," என்றார். "இத கொட்டாய்ல விட்டவன் வீட்ல பொம்பள தங்கமாட்டா."

அதற்குமேல் யார் நிற்பார்கள்? கொர்னேலியஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கேட்க ஆளில்லை. தங்கமணி ஒருத்தி மட்டும் தன் பசுவின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள். புருஷனைக் காய்ச்சலுக்குக் கொடுத்தவள், தனியாக ஒற்றை மாடு வைத்துப் பிழைப்பவள்.

"எங்க வீட்ல பெண்ட எழக்கறதுக்கு ஆம்பள எங்கண்ணே இருக்கான்?" என்றாள். "என் மாட்டக் கட்டுங்க, கிராணி."

அதையும் சொல்லிச் சொல்லிச் சந்து சிரித்தது.

வெள்ளையனுக்குப் பிறந்த கிடாரிகள் வளர்ந்தன. பார்க்க அழகோ அழகு. வெள்ளைக் கன்றுகள் வரிசையாக ஆற்றுக்குப் போகும்போது மேகம் தரையில் நடப்பதுபோல இருக்கும். வேலாயுதத்தின் வீட்டுக் கிடாரி தலையீத்து ஈன்ற அன்று சந்துக்கே பொங்கல் கொடுத்தார். கறவைக்கு உட்கார்ந்தது புதிதாக வந்திருந்த மருமகள்.

பால் வரவில்லை. வந்தது, ஆனால் அதைப் பால் என்று சொல்ல முடியாது. தாய்ப்பசு கறந்ததில் பாதிகூட இல்லை. புண்ணாக்கைக் கூட்டினார்கள். பருத்திக்கொட்டை தேடிப் பாசார் கடைகளில் அலைந்தார் வேலாயுதம். மாட்டின் கழுத்தில் கறுப்புக் கயிறு கட்டினார். கிராணிமார் வீடுகளில் அளவு குறைந்தது. பாலில் தண்ணீர் கலந்து பழக்கமில்லாத மனுஷன், வாடிக்கை வீட்டு வாசலில் நின்று மென்று விழுங்கினார்.

ஒருநாள் குழாயடியில், குடங்களோடு சந்தே நிற்கையில், எவரோ பால் எப்படி என்று கேட்டார். வேலாயுதம் கொட்டகைப் பக்கம் கையை நீட்டினார். அங்கே புஷ்பவல்லி கறந்துகொண்டிருந்தாள்.

"இவ வந்து தொட்டா, மடி வத்திப்போச்சு. ராசியில்லாத கை. நான் என்ன பண்றது?"

புஷ்பவல்லி பாதியில் எழுந்தாள். தூக்கைத் தள்ளி வைத்துவிட்டுக் குழாய்க்கு வந்தாள். பெண்கள் விலகி வழிவிட்டார்கள். ஒவ்வொரு விரலாகத் தேய்த்துக் கழுவினாள், ஏதோ ஒட்டிக்கொண்டிருப்பதுபோல. யாரையும் பார்க்காமல் உள்ளே போனாள். மறுநாள் சபாபதி அவளைக் கிள்ளானுக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தான்.

இந்த ஒரு மழைக்காலத்தில் வேலாயுதம் அந்த விரல்களை அவ்வளவாக நினைக்கவில்லை. நினைக்காமலிருக்கப் பழகிக்கொண்டார். இன்றைக்குக் கால் பட்டு நகர்ந்த தூக்கின் சத்தத்தில் அது திரும்பி வந்தது.

வாடிக்கைக்குப் பால் போதவில்லை. தண்ணீர் ஊற்றமாட்டார். வேறு வழியில்லாமல் தூக்கை எடுத்துக்கொண்டு, யார் கண்ணிலும் படாமல் கொல்லைப்பக்கமாகத் தங்கமணியின் கொட்டகைக்குப் போனார்.

அவள் கறந்துகொண்டிருந்தாள். வாசலுக்கு வெளியிலேயே அந்தச் சத்தம் அவரை நிறுத்தியது. அவர் வீட்டுத் தூக்கில் பால் கிணிகிணியென்று தகரத்தில்தான் விழும். இங்கே பால் பாலின்மேல் விழுந்தது. கொழகொழவென்று, பேச்சு நிறைந்த வீட்டிலிருந்து வரும் சத்தம்போல. செங்கல் நிறக் கிடாரி, தொங்கின தாடை. அசைபோட்டுக்கொண்டு அவரைப் பார்த்தது.

"வாங்கண்ணே. பசியாறிட்டீங்களா?"

அவர் தூக்கைக் காட்டினார். அவள் உடனே தன் பாலைச் சாய்த்து ஊற்றினாள். நுரை விளிம்பு தாண்டி வழிந்து அவர் விரலில் சுட்டது.

"ஒனக்கு நல்ல கை, தங்கமணி," என்றார்.

அவள் தன் கையை விரித்துக் காட்டினாள். "எங் கையா? இது தலையீத்து போட்டப்ப நான் கஞ்சித்தண்ணி கொட்டிக் கை வெந்து கெடந்தேனே, ஞாபகம் இல்லையா? அப்ப யாரு கறந்தாங்கறீங்க?"

"யாரு?"

"ஒங்க மருமவ. ஒங்க கொட்டாய்ல கறந்துட்டு, பின்னால வழியா வந்து இதையும் கறந்து குடுத்துட்டுப் போகும். இந்த மடிய மொதல்ல தொட்ட கை அதுதான். அன்னிக்கும் இப்படித்தான் நொர பொங்கிச்சு."

வேலாயுதம் தூக்கைத் தரையில் வைத்தார். ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்டார்.

"சொல்றேன்னுதான் சொன்னேன். அந்தப் புள்ள வேணாம்னுச்சு. மாமா ஊருக்கு முன்னால சொல்லிட்டாங்க, இப்ப இத சொன்னா அவங்களுக்கு அவமானமாப் போயிடும்னுச்சு." தங்கமணி கன்றை அவிழ்த்து விட்டாள். அது முட்டி முட்டிக் குடித்தது. "எம் மாட்டோட ஆத்தாளும் ஒங்க மாட்டோட ஆத்தாளும் ஒரு வயித்துப் பொறப்பு. நீங்கதான் எங்க வீட்டுக்காரருக்கு வித்தீங்க. ரெண்டும் ஒரே புல்லுதான் திங்குது. ஒரே கைதான் கறந்துச்சு. அப்புறம் வேற என்னண்ணே பாக்கி?"

பாக்கி தகப்பன் காளை ஒன்றுதான். அதை அவள் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. புறப்படும்போது மட்டும் அவள், கோபமில்லாமல், ஏதோ வானிலை பேசுவதுபோலச் சொன்னாள்: "அந்தச் சுழிக்காள ஒங்க கொட்டாய்ப் பக்கமே வல்ல. பொம்பள போனது என்னமோ ஒங்க வீட்லதான்."

திரும்பும்போது அவர் கொல்லைப்பக்கமாக வரவில்லை. சந்தின் நடுவே வந்தார். ஒவ்வொரு கொட்டகையாகக் காது கேட்டது. கிணி, கிணி, கிணி. எல்லா வீட்டிலும் தகரத்தில்தான் விழுந்தது. ஒரு வீட்டில் புண்ணாக்குக் கடைக்காரனைத் திட்டுகிறார்கள். ஒரு வீட்டில் கண்பட்டது என்று எலுமிச்சை கட்டியிருக்கிறார்கள். சின்னையா, பால் குறைந்ததற்குப் பெண்டாட்டி திருட்டுத்தனமாகக் கறந்து விற்கிறாள் என்று அடித்ததைச் சந்தே பார்த்தது. எல்லா வாசலிலும் அதே சங்கு நிறம், அதே விரித்த கொம்பு. எல்லா வாசலிலும் வெள்ளையன் நின்றுகொண்டு அவரைப் பார்த்தான்.

அடுத்த நாள் கிள்ளானுக்கு ரயிலேறினார். சம்பந்தியிடம் சொல்லி மருமகளைக் கூட்டிவந்துவிடுவது என்று நினைத்திருந்தார். என்ன சொல்வது என்று மட்டும் நினைக்கவில்லை. ஜன்னலில் ரப்பர் மரங்கள் வரிசை வரிசையாகத் திரும்பிக்கொண்டே வந்தன.

சம்பந்தி பக்கிரிசாமி ரயில்வே கேட் காவல்காரர். தண்டவாளத்தை ஒட்டி ஒற்றை அறை வீடு. "வாங்க சம்பந்தி," என்று பாயைப் போட்டார். புஷ்பவல்லி கோப்பி கொண்டுவந்து வைத்தாள். இளைத்திருந்தாள். கோப்பியில் டின் பால். பால்காரன் மருமகள் டின் பால் குடிக்கிறாள்.

சொல்ல வேண்டியது வாயில் வரவில்லை. வந்தது வேறு.

"தோஷம் கழிச்சாச்சும்மா. பூசாரி சொல்லிட்டாரு. இனிமே ஒண்ணும் இல்ல. கெளம்பு, போவலாம்."

அவள் கதவோரம் நின்றாள். "என்ன தோஷம் மாமா?"

"அதான்... இருந்துச்சுல்ல."

"எங் கையிலயா, மாட்டுலயா?"

"எல்லாத்துலயுந்தான்."

"எல்லாத்துலயும்னா அதுல நானும் இருக்கேன்ல," என்றாள் அவள் மெதுவாக. "நான் வல்ல மாமா. கோப்பி ஆறுது, குடிங்க."

குடித்தார். எழுந்தார். பக்கிரிசாமிக்கு ரயில் வரும் நேரம், பச்சைக்கொடியை எடுத்துக்கொண்டு முன்னால் ஓடினார். ஸ்டேஷன் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். வேலாயுதம் போய்ச் சேர்வதற்குள் கேட் சாத்திவிட்டது. அவர் பிடிக்க வேண்டிய ரயிலுக்காகவே சாத்தின கேட். இந்தப் பக்கம் கூட்டம் சேர்ந்தது. ரப்பர் ஷீட் ஏற்றின மாட்டுவண்டி, ரிக்ஷா, காய்க்கூடைச் சீனத்தி, ரப்பர் பால் வெட்டிவிட்டு வரும் தோட்டத்துப் பெண்கள். புஷ்பவல்லி தகப்பனுக்குச் சோற்றுத்தூக்கை எடுத்துக்கொண்டு வந்து கேட்டடியில் நின்றாள். அவரிடமிருந்து நாலு எட்டு தூரம்கூட இல்லை.

வண்டிக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்தார். "அண்ணே, நீங்க பிரிக்பீல்ட்ஸ் வேலாயுதம் அண்ணன்தானே? சுழி பாக்கறவரு. நல்ல நேரத்துல வந்தீங்க. புதுசா வாங்கின மாடு. கொஞ்சம் தடவிப் பாத்துச் சொல்லுங்கண்ணே."

வேலாயுதத்தின் கை தானாகவே எழுந்தது. நாற்பது வருஷப் பழக்கம். மாட்டின் நெற்றிவரை போய், அங்கேயே நின்றது. பக்கத்தில் சோற்றுத்தூக்கைப் பிடித்திருந்த விரல்களைப் பார்த்தார்.

"எனக்குச் சுழி பாக்கத் தெரியாது," என்றார்.

"என்னண்ணே இப்படிச் சொல்றீங்க?"

"தெரியும்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். நல்ல காள ஒண்ணு வந்துச்சு. சுழி சரியில்லன்னு தொரத்திட்டேன். என் காள அழகா இருக்குன்னு ஊருக்கெல்லாம் விட்டேன். அதோட பொட்டைங்க ஒண்ணும் கறக்கல." கூட்டம் அவர் பக்கம் திரும்பியது. ரயில் தூரத்தில் ஊதியது. அவர் சத்தத்தை உயர்த்த வேண்டியிருந்தது. "கறக்காததுக்கு எம் மருமவ கைய கொற சொன்னேன். நாலு பேரு முன்னால. அவ கையில ஒண்ணும் இல்ல. எம் புத்தியிலதான் இருந்துச்சு."

ரயில் வந்தது. எல்லாருடைய முகத்திலும் புகையும் காற்றும் அடித்தது. அதற்குப் பின்னால் யாரும் எதுவும் பேச முடியவில்லை. அது அவருக்குக் கிடைத்த புண்ணியம். கடைசிப் பெட்டி போய், கேட் திறந்து, கூட்டம் கலைந்தது. வண்டிக்காரர் அவரைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

புஷ்பவல்லி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கரி விழுந்திருக்கலாம்.

"இத கிள்ளான்ல சொல்லி என்ன மாமா? இவங்களுக்கு என்னையத் தெரியாது," என்றாள். "என்னைய அங்கதானே சொன்னீங்க?"

ஞாயிற்றுக்கிழமை சபாபதியோடு வந்து சேர்ந்தாள்.

திங்கள் விடியலில் மழை தூறிக்கொண்டிருந்தது. குழாயடியில் குடங்கள் வரிசை போட்டிருந்தன. புஷ்பவல்லி மடியைக் கழுவி உட்கார்ந்தாள். கன்றைப் பிடிப்பது எப்போதும் இராஜம்மாவின் வேலை. அன்று வேலாயுதம் வந்து கயிற்றை வாங்கிக்கொண்டார். இராஜம்மா கொடுத்துவிட்டு விலகினாள், ஆனால் உள்ளே போகவில்லை.

கிணி, கிணி, கிணி. குழாயடியில் பேச்சு ஒவ்வொன்றாக நின்றது. அதே சத்தம் என்று எல்லாருக்கும் கேட்டது. இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கறக்க இனி ஒன்றுமில்லாத மடியைக் கடைசியாக ஒருமுறை நீவிவிட்டு, புஷ்பவல்லி தூக்கை எடுத்து நீட்டினாள்.

"இவ்ளோதான் மாமா."

"இவ்ளோதாம்மா," என்றார் அவர்.

தூக்கைக் கையில் வாங்கினார். கன்றை விட்டுவிட்டுச் சந்துக்கு நடுவே வந்தார். குழாயடிக்கு வந்து, அன்று நின்ற அதே இடத்தில் நின்று, உள்ளே தெரியும்படி தூக்கைச் சாய்த்துப் பிடித்தார். அடியில் கொஞ்சம் பால். மழைத்துளி அதில் விழுந்துகொண்டிருந்தது.

"எல்லாரும் பாத்துக்குங்க," என்றார். "கிராணி அன்னிக்குச் சொன்னப்ப சிரிச்சோம்ல? காளையக் கறக்கலாமான்னு. கறந்தாச்சு. இதான் வெள்ளையன் குடுத்த பாலு. எம் மருமவ கை குடுத்தது இல்ல. யாரு வீட்டுப் பொம்பள கை குடுத்ததும் இல்ல. ஒங்க கொட்டாய்ல நிக்கறதும் இதேதான். நாந்தான் விட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. சின்னையாவின் பெண்டாட்டி நிறைந்து வழிந்துகொண்டிருந்த குடத்தை மறந்து, தன் வீட்டு வாசலில் நின்ற புருஷனைப் பார்த்தாள். சின்னையா தலையைக் குனிந்து, இல்லாத ஏதோ ஒன்றைத் தரையில் தேடினான். அதற்குப் பின் அடுத்த வாசல், அதற்கடுத்த வாசல் என்று பெண்கள் பார்வை போயிற்று.

வேலாயுதம் தூக்கை இறக்கவில்லை. கடைசி வீட்டிலிருந்தவர்களும் வந்து பார்க்கட்டும் என்று அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். கனமே இல்லாத தூக்கு. கை கடுத்தது.